யுடிசியில் சேமித்தால் போதுமா? சிவகாசி காலண்டரை வைத்து ஒரு விமர்சனம்

போன வாரம் ஒருவர் எழுதிய நிரலை ரிவ்யூ பண்ணிக்கொண்டிருந்தேன். தொடக்கத்திலேயே கமெண்டாக ஒரு வரி: "எல்லா நேரத்தையும் யுடிசியில்தான் சேமிக்க வேண்டும். விவாதம் கிடையாது."

நிரல் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அறிவுரைகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. நானும் பல வருஷம் இதையே ஓதியவன்தான். இப்போது எனக்கு இது பாதி விதியாகத்தான் தெரிகிறது. மீதிப் பாதி தெரியாமல் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவர், விதியே தெரியாதவர் செய்வதைவிட நுணுக்கமான தப்புகளைச் செய்வார். ஏன் என்று சொல்கிறேன்.

ஊர் விருதுநகர் பக்கம் என்பதால் உதாரணத்துக்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. தினசரி காலண்டரும் பட்டாசும் சிவகாசியிலிருந்துதான் நாடு முழுக்கப் போகின்றன. இரண்டுமே நேரத்தோடு கட்டிப்போட்ட சரக்கு.

விதி எங்கே சரி

முதலில் நியாயமாக இருந்துவிடுவோம். யுடிசி என்பது உலகத்துக்கே பொதுவான ஒரு கடிகாரம். இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. கிட்டங்கியிலிருந்து லாரி கிளம்பியது, பணம் கணக்கில் ஏறியது, சர்வர் படுத்தது: இவையெல்லாம் நடந்து முடிந்த சங்கதிகள். உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் அது ஒரே ஒரு கணம். இதை யுடிசியில் எழுதி வைத்தால் வரிசைப்படுத்தலாம், கழிக்கலாம், எந்த ஊர் நேரத்துக்கும் மாற்றிக் காட்டலாம். விதி இங்கே முழுக்கச் சரி.

சிக்கல் தேதியில் ஆரம்பிக்கிறது. பிறந்தநாள், தயாரிப்புத் தேதி, கல்யாணத் தேதி இவையெல்லாம் கணம் கிடையாது. "அக்டோபர் 31" என்றால் அக்டோபர் 31, அவ்வளவுதான். ஆனால் விதிக்குக் கட்டுப்பட்ட நிரல் என்ன செய்கிறது? அதை இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டு யுடிசிக்கு மாற்றுகிறது. அது அக்டோபர் 30, மாலை 18:30 ஆகிவிடுகிறது. திரும்ப எடுக்கும்போது யாராவது ஒரு இடத்தில் மாற்ற மறந்தால் தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும்.

இந்திய டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்து, தேதிப் பத்தியில் வரிசையாக 18:30:00 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நாளைக் கணமாக நினைத்து யாரோ சேமித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 18:30 நம் நாட்டு நிரல்களின் கைரேகை.

இந்தக் கைரேகை என்னுடைய நிரலிலும் இருந்தது. அதைத் திருத்தப் போய்ப் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

2018 தீபாவளி

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம். சிவகாசிக்காரர்களுக்கு இருந்த கவலைகளில் இதுவும் சேர்ந்தது. நமக்குத் தீபாவளி என்றால் விடியற்காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, வெளிச்சம் வருவதற்கு முன்னால் முதல் சரத்தைக் கொளுத்துகிற பழக்கம். இரவு 8 மணிக்கு நம் ஊரில் தீபாவளி ஏறக்குறைய முடிந்தே போயிருக்கும்.

தமிழ்நாடு அரசு நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபர் 30 அன்று உத்தரவு திருத்தப்பட்டது: மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல், எந்த நேரம் என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். அரசு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரித்துக் கொடுத்தது. பின்வந்த வருஷங்களிலும் அதுவே தொடர்ந்தது.

இப்போது நிரல் எழுதுகிறவராக யோசியுங்கள். அக்டோபர் 24 அன்று ஒருவர் "வெடிக்கும் நேரம்" என்று நினைவூட்டுகிற ஆப் செய்கிறார். விதிப்படி 8 மணியை 14:30 யுடிசி என்றும், 10 மணியை 16:30 யுடிசி என்றும் மாற்றி, ஒரு தேதியோடு சேர்த்து உள்ளே போடுகிறார். எந்தத் தேதி? தமிழ்நாட்டில் அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 6. வடக்கே நவம்பர் 7. உத்தரவு "தீபாவளியன்று" என்றுதான் சொன்னது. அது எந்த நாள் என்பதை ஊர் வழக்கம்தான் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் மணியும் மாறிப்போனது.

அந்த யுடிசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் திருத்த முடியுமா? முடியாது. "தீபாவளி", "தமிழ்நாடு", "8 மணி என்று நீதிமன்றம் சொன்னது" ஆகிய மூன்றையும் மாற்றுகிற நேரத்திலேயே தூக்கிப் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது ஒரு எண். அது ஏன் அந்த எண் என்று அதற்கே தெரியாது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைம்சோனையும் சேர்த்துச் சேமித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது, விதியைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறவர்களின் கட்சி. தமிழ்நாட்டுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் ஒரே டைம்சோன்தான். ஆனால் தீபாவளி நாள் வேறு, வெடிக்கும் மணி வேறு. டைம்சோன் என்பது கடிகார முள்ளை எங்கே வைப்பது என்கிற ஏற்பாடு மட்டுமே. ஊர் என்பது அதைவிடப் பெரிய சங்கதி.

அதே 2018 உத்தரவில் கிறிஸ்துமஸுக்கும் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் இரவு 11:55 முதல் 12:30 வரை என்று இருந்தது. "தொடக்கத்தைவிடப் பெரிது, முடிவைவிடச் சிறிது" என்று சோதிக்கிற சாதாரண நிரலில் இதைக் கொடுத்துப் பாருங்கள். 23:55-ஐ விடப் பெரிதாகவும் 00:30-ஐ விடச் சிறிதாகவும் ஒரு மணி இந்த உலகத்தில் கிடையாது. ஆப் அமைதியாக "இப்போது வெடிக்கக் கூடாது" என்று வருஷம் பூரா சொல்லிக்கொண்டிருக்கும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்; 35 நிமிஷத்துக்குள் யார் ஆப்பைத் திறக்கப் போகிறார்கள்?

ஒரே தாளில் மூன்று நேரம்

சிவகாசி தினசரி காலண்டர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக்கான ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஆகஸ்ட்டில் அச்சடிக்கத் தொடங்கியது அடுத்த வருஷம் டிசம்பர் 31 வரை சுவரில் நின்று பேச வேண்டும். நடுவில் அப்டேட் கிடையாது. எதிர்காலத்து நேரத்தைச் சேமிக்கும் கருவி என்று பார்த்தால், நம்முடைய பெரும்பாலான மென்பொருளைவிடக் கடினமான வேலை.

அந்தத் தாளை ஒரு முறை நிரலாளர் கண்ணால் பாருங்கள். திங்கள்கிழமை ராகு காலம் 7:30 - 9:00. வெள்ளி 10:30 - 12:00. இது எங்கிருந்து வந்தது? பகலை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பங்கு. சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம்.

ஆனால் சிவகாசியிலேயே சூரியன் 6 மணிக்கு உதிப்பது மே, ஜூனை ஒட்டித்தான். இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சிவகாசி அதற்கு நாலரைப் பாகைக்கும் மேல் மேற்கே கிடக்கிறது. பாகைக்கு 4 நிமிஷம் வீதம் நம் சூரியன் கடிகாரத்துக்கு 18, 19 நிமிஷம் பிந்தி வருகிறது. ஜனவரிக் கடைசியில் உதயம் 6:40-ஐத் தொட்டுவிடும். அப்போது உதயத்தை வைத்துக் கணக்குப் போட்டால் திங்கள்கிழமை ராகு காலம் 8 மணி தாண்டித்தான் ஆரம்பிக்கிறது.

அப்படியென்றால் தாள் தப்பா? சில ஆப்கள் அப்படித்தான் நினைக்கின்றன. ஜிபிஎஸ் பார்த்து, உதயம் கணக்கிட்டு, "துல்லியமான ராகு காலம்" தருகின்றன. வீட்டில் அம்மா சுவரைப் பார்த்து ஒன்று சொல்வார், ஆப் ஒன்று சொல்லும். என் கருத்து இது: தாளில் இருப்பது காலப்போக்கில் ஊர் ஒத்துக்கொண்ட சுவர்க்கடிகார நேரம். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு முன்னால் கடை திறந்துவிட வேண்டும் என்று நினைப்பவர் சூரியனைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறார். உதயக் கணக்கு வேண்டும் என்கிறவரும் உண்டு; அவருக்கு அது சரி. ஆப் செய்ய வேண்டியது, எந்த முறை என்று வெளிப்படையாகச் சொல்வது. ஒன்றைச் சொல்லாமல் இன்னொன்றாக மாற்றிவிட்டு "துல்லியம்" என்று பேர் வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதே தாளில் திதி இருக்கிறது. அது வேறு ஜாதி. அமாவாசை முடிவது என்பது சந்திரனும் சூரியனும் ஒரே தீர்க்கரேகைக்கு வரும் கணம். அது மதுரைக்கும் மலேசியாவுக்கும் ஒரே கணம். யுடிசியில் எழுத இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது.

மூன்றாவது, பழைய பஞ்சாங்கத்தின் நாழிகை. உதயத்திலிருந்து எண்ண வேண்டும். 24 நிமிஷம் ஒரு நாழிகை. இது கணமும் இல்லை, சுவர்க்கடிகாரமும் இல்லை. ஊரும் நாளும் தெரிந்தால்தான் இதற்கு அர்த்தம்.

நான் செய்த தப்பு

குடும்பத்துக்காக ஒரு சின்ன ஆப் வைத்திருக்கிறேன். அமாவாசை, கிருத்திகை, குலசாமி கோயில் பொங்கல் என்று நினைவூட்டும். தேதிகளைக் காலண்டர் தாளைப் பார்த்து நானே ஏற்றுவேன். விதிப்படி யுடிசியில்.

சிகாகோவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அதில் அமாவாசை ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது என்று 2024 நடுவில் தெரிந்தது. பார்த்தால் அதே 18:30 கைரேகை. நம் நள்ளிரவு அவனுக்கு முந்தின நாள் மதியம். "டேட் பக்" என்று சொல்லி, உலகத்தில் எங்கே இருந்தாலும் தாளில் உள்ள தேதியே தெரியும்படி திருத்திவிட்டேன். பெருமையாகவும் இருந்தது.

ஐப்பசி அமாவாசை வந்தது. திருக்கணிதப்படி, இந்திய நேரம் அக்டோபர் 31 பிற்பகல் 3:52-க்குத் தொடங்கி நவம்பர் 1 மாலை 6:16-க்கு முடிந்தது. நம் ஊரில் படையல் மத்தியானம். அதனால் நவம்பர் 1. தாளும் அப்படியே. சிகாகோ அப்போது நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே அமாவாசை அக்டோபர் 31 காலை 5:22-க்கு ஆரம்பித்து, நவம்பர் 1 காலை 7:46-க்கே முடிந்துவிட்டது. அந்த ஊர் மத்தியானத்தில் அமாவாசை இருந்தது 31-ஆம் தேதி மட்டும்தான்.

என் ஆப் சொன்னபடி அவன் நவம்பர் 1 அன்று விரதம் இருந்து, மத்தியானம் அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்திருக்கிறான். அங்குள்ள கோயிலில் முந்தின நாளே அமாவாசை முடிந்துவிட்டது என்று சாயங்காலம்தான் தெரிந்திருக்கிறது. போன் செய்தான். கோபம் எல்லாம் இல்லை. "அண்ணே, அப்போ இந்த அஞ்சாறு மாசமா நான் படைச்சதெல்லாம்?" என்று மட்டும் கேட்டான்.

பதில் சொல்லத் தெரியவில்லை. சாமிக்குக் கணக்கு தெரியும்டா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. பழைய பிழை, அந்த அமாவாசைக்குத் தற்செயலாகச் சரியான நாளைக் காட்டியிருக்கும். என் திருத்தம்தான் தப்பு நாளைக் காட்டியது. இரண்டுமே சரியில்லை என்பதுதான் உண்மை. நான் சேமித்திருக்க வேண்டியது தாளில் இருந்த தேதியை இல்லை. திதியின் தொடக்கமும் முடிவும் யுடிசியில், படைக்கிறவரின் ஊர், "மத்தியானத்தில் அமாவாசை இருக்க வேண்டும்" என்கிற வழக்கம். இந்த மூன்றிலிருந்து தேதியை ஒவ்வொரு தடவையும் கணக்கிட வேண்டும். தாளில் அச்சான தேதி, சிவகாசியில் இருப்பவருக்காக யாரோ ஏற்கெனவே போட்டுக் கொடுத்த விடை. அந்த விடையை நான் கேள்வி என்று நினைத்துவிட்டேன்.

5:30 என்பதும் நிரந்தரம் கிடையாது

நம் நிரலாளர்களிடம் இன்னொரு சோம்பல் உண்டு. இந்தியாவுக்கு ஒரே நேரம், கோடை நேரம் மாற்றுகிற தொல்லை கிடையாது, ஆகவே 5:30-ஐ அப்படியே எண்ணாக எழுதிவிடலாம் என்பது. ஜாதகம் கணிக்கும் மென்பொருளில் இது எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. அதாவது யுடிசியைவிட 6:30 முன்னால். 1943-இல் காலை 7:30-க்குப் பிறந்தவருக்கு உண்மையான கணம் 01:00 யுடிசி. 5:30-ஐ அப்படியே எழுதி வைத்த நிரல் 02:00 என்று எடுக்கும். லக்னம் சுமாராக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும். ஒரு மணி நேரம் பிசகினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லக்னமே மாறிவிடும். பழைய ஜோசியர்கள் இந்த வருஷங்களைக் கேட்டால் "போர்க்கால நேரமா?" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்தைக் கழிப்பார்கள். கணினி கேட்பதில்லை. அந்த வருஷங்களில் பிறந்தவர்களுக்குத்தான் இப்போது சதாபிஷேகம் நடந்துகொண்டிருக்கிறது.

டைம்சோன் மாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கும் பொது அட்டவணை ஒன்று உண்டு. இன்றைய போன், சர்வர் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. அதில் நம் பெயர் "ஏசியா/கொல்கத்தா". இந்தப் போர்க்கால மாற்றமும், 1906-க்கு முந்தைய சென்னை நேரமும்கூட அதில் இருக்கின்றன. எண்ணை எழுதாமல் அந்தப் பெயரை எழுதியிருந்தால் போதும், 1943 தானாகச் சரியாகியிருக்கும். ஒரு எச்சரிக்கை: 1970-க்கு முந்தைய தகவலுக்கு அந்த அட்டவணை உத்தரவாதம் தருவதில்லை.

அட்டவணையாலும் முடியாத இடம் ஒன்று இருக்கிறது. இலங்கை மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் 5:30-இலிருந்து 6:30-க்கு மாறியது. அதே அக்டோபரில் 6:00 ஆனது. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மறுபடி 5:30. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய 5:30-லேயே இருந்தன. ஒரே நாட்டில், ஒரே நாளில், இரண்டு சுவர்க்கடிகாரம். "ஏசியா/கொழும்பு" என்கிற பெயருக்குக் கொழும்பின் கடிகாரம் மட்டுமே தெரியும். அந்தப் பத்து வருஷத்தில் வன்னியில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயசு. பொருத்தம் பார்க்கிற இணையதளத்தில் ஊர், தேதி, மணி கொடுத்தால் உடனே கட்டம் வந்துவிடுகிறது. "எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய மணி?" என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பின் என்னதான் செய்வது

விதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்கச் சொல்கிறேன்: இந்த நேரத்தை முடிவு செய்கிறவர் யார்?

இயற்கையோ, ஏற்கெனவே நடந்த நிகழ்ச்சியோ என்றால் அது கணம். யுடிசி. அரசோ நீதிமன்றமோ அலுவலகமோ சொன்ன எதிர்கால நேரம் என்றால், அவர்கள் சொன்ன சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, சுவர்க்கடிகார மணி, ஊர், டைம்சோன் பெயர். யுடிசி எண் வேண்டுமானால் பக்கத்தில் இருக்கட்டும், வரிசைப்படுத்த உதவும். ஆனால் அது அழித்து மறுபடி போடக்கூடிய கணக்கு. வழக்கம் முடிவு செய்கிறது என்றால் அந்த வழக்கத்தைத்தான் சேமிக்க வேண்டும், அதன் விடையை அல்ல. வெறும் நாள் என்றால் வெறும் நாளாகவே விட்டுவிடுங்கள்.

கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2014-இல் வந்த ஜாவா 8, கணத்துக்கு இன்ஸ்டன்ட், வெறும் நாளுக்கு லோக்கல்டேட், ஊர் நேரத்துக்கு ஸோன்டுடேட்டைம் என்று தனித்தனி வகைகளைக் கொடுத்தது. ஆனால் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. போஸ்ட்கிரஸில் "டைம்ஸ்டாம்ப் வித் டைம்சோன்" என்று ஒரு வகை இருக்கிறது. அது டைம்சோனைச் சேமிப்பதே இல்லை. யுடிசிக்கு மாற்றிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். இதே கட்சியை ஜான் ஸ்கீட் 2019-இல் ஐரோப்பாவை வைத்து எழுதினார்: எதிர்காலக் கூட்டத்தை யுடிசியில் சேமித்த பிறகு அந்த நாடு கோடை நேர விதியை மாற்றினால் என்ன ஆகும் என்று. நம்மவர்கள் "அது வெள்ளைக்காரன் தொல்லை" என்று படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வடகிழக்கு மாநிலங்களுக்கு 6:30 என்று தனி நேரம் வேண்டும் என்று 2018-இல் நம் தேசிய இயற்பியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் தனிக் கடிகாரம் ஏற்கெனவே உண்டு.

"இவ்வளவும் சேமித்தால் இடம் பிடிக்குமே, சிக்கலாகுமே" என்று கேட்பார்கள். சிக்கல் நேரத்திலேயே இருக்கிறது. யுடிசிக்கு மாற்றினால் அது காணாமல் போவதில்லை. பின்னால் வருகிறவரின் தலையில் விழுகிறது.

ரிவ்யூவில் அந்த கமெண்டை நான் அழிக்கச் சொல்லவில்லை. "விவாதம் கிடையாது" என்பதை எடுத்துவிட்டு, "நடந்து முடிந்தவற்றுக்கு" என்ற வார்த்தைகளைச் சேர்க்கச் சொன்னேன். என் ஆப்பிலும் இப்போது ஊர் கேட்கிறது. போன அமாவாசைக்குச் சிகாகோவிலிருந்து இலையின் போட்டோ வந்தது. நம் சுவரில் அந்தத் தாள் அப்போது இன்னும் கிழிக்கப்படாமல் அடியில் இருந்தது.